காதால் படித்த கணினி: நாடாவின் கீச்சொலியும் மோடத்தின் இரைச்சலும்

1. காந்தநாடா எழுதியது:

2025 செப்டம்பர் 30ஆம் நாளுடன் ஏஓஎல் என்ற அமெரிக்க நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தந்த தன் டயல்-அப் இணைப்பை நிறுத்திக்கொண்டது என்ற செய்தியைப் படித்தபோது, அந்த நிறுவனத்தின் இணைப்பை ஒருமுறைகூடப் பயன்படுத்தியிராத எனக்கும் மனம் சற்றுக் கனத்தது. ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த வேகத்தையோ, ஒரு பக்கம் திறக்கும்வரை காத்திருந்த நேரத்தையோ நான் நிச்சயமாகத் தேடவில்லை; கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த மோடம் என்ற கருவி எழுப்பிய அந்த ஓசையைத்தான் தேடுகிறேன். அதற்கும் முன்பு, நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவிலிருந்து ஏற்றிய நாள்களிலும் வீட்டுக் கணினி எனக்கு ஓசையாகத்தான் முதலில் அறிமுகமாயிற்று. இன்று என் மேசையில் இருக்கும் கணினி வேலை செய்கிறதா, உறங்குகிறதா என்பதை ஒரு சிறு விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இந்த இழையில் பங்கேற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஓசை நினைவில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அந்த ஓசையைக் கேட்டு நீங்கள் எதைத் தெரிந்துகொண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். என்னைப் பொறுத்தவரை, நாடா ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே இந்த முறை ஏறும், இந்த முறை ஏறாது என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எப்படிச் சொன்னேன் என்று கேட்டால் மட்டும் விளக்கத் தெரியாது.

2. எட்டுபிட் எழுதியது:

விளக்கம் இருக்கிறது, காந்தநாடா. 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்வோம். தரவை ஒலியாக மாற்றி நாடாவில் எழுதும் அதன் குறிமுறை எனக்கு மனப்பாடம். முதலில் ஏறத்தாழ 807 ஹெர்ட்ஸில் ஒரே சீராக ஒலிக்கும் முன்னொலி ஐந்து நொடி வரும். அப்போது திரையின் விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமான பட்டைகள் மெல்ல நகரும். அதன்பின் ஒரு நொடிக்கும் குறைவான ஒரு கிறுக்கல் ஒலி. அதுதான் 17 பைட் கொண்ட தலைப்பகுதி. நிரலின் பெயர், அளவு, வகை எல்லாம் அதற்குள் இருக்கும். மீண்டும் சிறிது நேரம் முன்னொலி, பிறகு உண்மையான தரவு, விளிம்பில் நீலமும் மஞ்சளும்.

தரவில் 0 என்னும் பிட் ஏறத்தாழ 2,047 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று. 1 என்னும் பிட் அதில் பாதி அதிர்வெண், அதாவது 1,023 ஹெர்ட்ஸ். எனவே 1ஐ எழுத 0ஐப்போல் இரு மடங்கு நேரம் பிடிக்கும். இதிலிருந்து ஒரு வேடிக்கையான விளைவு பிறக்கிறது. முழுவதும் சுழியங்களால் ஆன பகுதி, அதே நீளமுள்ள மற்றப் பகுதிகளைவிட விரைவாக ஏறிவிடும். ஒரே அளவுள்ள இரு நிரல்கள் ஏறுவதற்கு வெவ்வேறு நேரம் எடுத்துக்கொண்டதன் காரணமும் இதுவே.

இதைக் காதால் கேட்க முடிந்த இடம் ஏற்றத்தின்போது வரும் முகப்புப் படம். அந்தப் படம் 6,912 பைட்; அதில் 6,144 புள்ளிகளுக்கு, எஞ்சிய 768 நிறங்களுக்கு. படத்தில் வெறுமையாக விட்ட இடங்கள் வரும்போது உயர்ந்த ஒரே சுருதி கேட்கும். கோடுகளும் நிழல்களும் நிறைந்த இடத்தில் ஒலி கரகரக்கும். கடைசி நான்கு நொடியளவில், ஒரே நிறம் திரும்பத் திரும்ப வருவதால், வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு நிலையான ஒலி எழும். அதைக் கேட்டதும் கறுப்பு வெள்ளையாக நின்ற படம் மேலிருந்து கீழாக நிறம் பெறத் தொடங்கும். படம் நேராக மேலிருந்து கீழே வராது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். திரை மூன்று பட்டையாகப் பிரிந்து, ஒவ்வொரு பட்டையிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாக நிரம்பும். அப்போது எனக்கு வயது பத்து. நினைவகத்தின் முகவரி அமைப்பு என்ற சொல்லே தெரியாது. ஆனாலும் அந்த அமைப்பைக் கண்ணாலும் காதாலும் ஒருங்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

3. ஐயம் எழுதியது:

நண்பர்கள் மன்னிக்க வேண்டும். நானும் அந்தக் காலத்து ஆள்தான். ஆனால் நாம் எல்லோரும் கணினியைக் காதால் புரிந்துகொண்டோம் என்று சொல்வது பிற்காலத்தில் கட்டிய கதை என்று நினைக்கிறேன். 0க்கும் 1க்கும் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை எட்டுபிட் அவர்கள் நூலிலோ கையேட்டிலோ படித்திருப்பார்; காதால் கண்டுபிடித்திருக்க மாட்டார். பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான்கைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் விளையாடலாம், இல்லையென்றால் பிழைச்செய்தி வரும் என்பதுதான். அந்தப் பிழைச்செய்தியும் பெரும்பாலும் கடைசி நொடியில்தான் வந்து தொலையும். இதில் கற்றது என்ன? பொறுமை என்று சிலர் சொல்வார்கள். நான் கற்றது எரிச்சல்.

4. திருப்புளி எழுதியது:

ஐயம் அவர்கள் சொல்லும் எரிச்சலுக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஸ்பெக்ட்ரத்தின் குறிமுறையில் ஒரு தொகுதி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் முடிவில் ஒரே ஒரு சரிபார்ப்பு பைட்தான். நடுவில் ஒரு பிட் புரண்டிருந்தாலும், நாற்பதாயிரம் பைட்டும் ஏறி முடிந்த பிறகே அது தெரியவரும். அதற்கு ஓராண்டு முன்பு வந்த பிபிசி மைக்ரோ என்ற கணினி இதை வேறுவிதமாகக் கையாண்டது. தரவை 256 பைட் கொண்ட சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் சரிபார்ப்பும் தந்தார்கள். பிழை வந்தால் நாடாவைச் சற்றுப் பின்னோக்கிச் சுற்றி, அந்தத் தொகுதியிலிருந்து தொடரலாம். என்னைக் கேட்டால் அதுவே நேர்மையான வடிவமைப்பு.

ஆனால் காதால் எதையும் அறியவில்லை என்பதை ஏற்க மாட்டேன். என் புனைபெயரே அதற்குச் சான்று. ஒலிப்பதிவுக் கருவியில் நாடாவைப் படிக்கும் தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். தலை நாடாவுக்குச் சரியான செங்குத்தில் நிற்கிறதா என்பதை அது தீர்மானிக்கும். ஒரு கருவியில் பதிந்த நாடாவை வேறொரு கருவியில் ஓட்டும்போது இந்தக் கோணம் சிறிதளவு மாறியிருந்தாலும் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும். 0 எது, 1 எது என்பதில் கணினிக்குக் குழப்பம் வரும். நாங்கள் என்ன செய்வோம்? கணினியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு, நாடாவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, சிறு திருப்புளியால் அந்தத் திருகை மயிரிழையளவு திருப்புவோம். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்ட ஒலி ஓரிடத்தில் திடீரெனக் கூர்மையாகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அலைகாட்டும் கருவி எதுவும் வீட்டில் இல்லை, காதுதான் கருவி. ஒலியளவு முக்கால் பங்கு, ட்ரெபிள் (உயர்சுருதி) முழுவதும் என்பது அடுத்த விதி. காந்தநாடா அவர்கள் சில நொடியில் 'இது ஏறாது' என்று கணித்தது இந்த மங்கலைக் கேட்டுத்தான் இருக்க வேண்டும்.

5. வெற்றுவட்டு எழுதியது:

எங்கள் வீட்டில் இருந்தது கமோடோர் 64 கணினி. நாடா ஏறும்போது தொலைக்காட்சியிலிருந்து வந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

6. எட்டுபிட் எழுதியது:

வெற்றுவட்டு அவர்களே, ஒரு சிறு திருத்தம். கமோடோர் 64உடன் இணைத்த டேட்டாசெட் என்னும் நாடாக் கருவியில் ஒலிபெருக்கியே கிடையாது. நாடாவின் அலையை அதுவே சதுரத் துடிப்புகளாக மாற்றிக் கணினிக்கு அனுப்பிவிடும். வழக்கமான முறையில் ஏற்றும்போது திரையும் வெறுமையாகிவிடும். உங்கள் நினைவில் இருப்பது ஓஷன் போன்ற நிறுவனங்களின் விளையாட்டுகளில், நாடா ஓடும்போதே கணினியின் ஒலிச்சில்லு வாசித்த இசையாக இருக்கலாம். காத்திருப்பவர்களுக்காகவே இசையமைத்து, ஏற்றும் வேலையின் இடையிடையே அதை வாசிக்கச் செய்தார்கள். அது பெரிய கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கிறேன்.

7. வெற்றுவட்டு எழுதியது:

தாங்கள் சொல்வது சரி. ஆம், அது இசைதான்! இத்தனை ஆண்டுகளாக அதை நாடாவின் ஒலி என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் அதே கணினியுடன் இணைத்து நெகிழ்வட்டுகளைப் படிக்கவும் எழுதவும் பயன்பட்ட 1541 வட்டியக்கியைப் பற்றி நான் சொல்வதில் தவறு இருக்காது. அது தனிச் செயலியும் தனி நினைவகமும் கொண்ட முழுக் கணினி; ஒரு பக்கத்துக்கு 170 கிலோபைட் எழுதும். இருந்தும், தலை முதல் தடத்தில் நிற்கிறதா என்பதை அறிய அதற்குள் உணரி வைக்கவில்லை. எனவே நிச்சயம் செய்துகொள்ள வேண்டியபோதெல்லாம் தலையைத் தடுப்பில் மோதும்வரை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். யாரோ கதவைத் தடதடவென்று தட்டுவதுபோல் கேட்கும். புதிய வட்டை எழுதுவதற்கு ஆயத்தம் செய்யும்போது (ஃபார்மட்) அந்த ஓசை இயல்பு. படிக்கும்போது கேட்டால் வட்டில் எங்கோ பழுது. நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே பிழைகளைப் பதித்து விற்ற வட்டுகள் வேறு இருந்தன. அவற்றைப் போட்டால் ஒவ்வொரு முறையும் இந்தத் தட்டல். எனவே ஐயம் அவர்களே, அதே ஓசை எப்போது கவலைக்குரியது, எப்போது இல்லை என்று பிரித்தறிந்தோம் அல்லவா? அதைப் புரிதல் என்று சொல்லலாமா, கூடாதா?

8. அலைவரிசை எழுதியது:

நாடாவில் இருந்தது வெறும் ஒலி என்பதால், ஒலி போகும் இடமெல்லாம் நிரலும் போகலாம் என்று சிலர் கண்டுகொண்டார்கள். அதைச் சொல்லாமல் இந்த உரையாடல் நிறைவடையாது.

1975 நவம்பரில் பைட் என்ற கணினி இதழின் ஏற்பாட்டில் கன்சாஸ் நகரில் கூடியவர்கள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான நாடாக் குறிமுறை ஒன்றை வகுக்க முயன்றார்கள். 0 என்றால் 1,200 ஹெர்ட்ஸில் நான்கு சுற்று; 1 என்றால் 2,400 ஹெர்ட்ஸில் எட்டு சுற்று; நொடிக்கு 300 பிட். மலிவான ஒலிப்பதிவுக் கருவியும் தாங்கும் என்பதே அதன் சிறப்பு. நெதர்லாந்தின் என்ஓஎஸ் வானொலி தன் ஹாபிஸ்கூப் நிகழ்ச்சியில் நிரல்களையே ஒலிபரப்பியது. ஒவ்வொரு கணினியின் பேசிக் என்ற நிரல்மொழியும் ஒவ்வொரு விதமாக இருந்ததால், எல்லாவற்றிலும் இயங்கும்படி பேசிகோடு என்ற பொதுவடிவத்தையும் உருவாக்கினார்கள். யூகோஸ்லாவியாவில், பெல்கிரேடு வானொலியின் வென்டிலேட்டர் 202 நிகழ்ச்சியில் ஸோரான் மோட்லி, கலாக்ஸியா என்ற கணினிக்கான நிரல்களை ஒலிபரப்பினார். அந்தக் கணினி கடையில் வாங்குவதற்கல்ல. இதழில் வந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டில் தாமே கட்டிக்கொள்வதற்காக வடிவமைக்கப்பட்டது. அறிவிப்பாளர் பேசி முடித்ததும் கீச்சொலி தொடங்கும். கேட்பவர்கள் பதிவுப் பொத்தானை அழுத்துவார்கள். கம்பி இல்லாமல் மென்பொருள் வீடு வந்து சேர்ந்த கதை அவ்வளவு பழையது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒலி எழுப்ப வழியே இல்லாத அல்டெயர் 8800 கணினியின் பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்து, செயலி உமிழும் மின்காந்தக் குறுக்கீட்டையே பாட்டாக மாற்றிக் காட்டினார் ஸ்டீவ் டாம்பியர். 1975இல் ஹோம்புரூ கணினிக் கழகத்தில் அது நடந்தது. பேச முடியாத பெட்டியையும் பாட வைத்துவிட்டார்கள்.

9. இரைச்சல் எழுதியது:

நாடாவைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். மோடத்துக்கு வருகிறேன்.

முதலில் எண்களை அழுத்தும் ஒலி, பிறகு மறுமுனையில் மணி. எடுத்ததும் 2,100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி. ஊன்றிக் கேட்டால் அது ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை மெல்லத் துள்ளுவது தெரியும். ஒவ்வொரு 450 மில்லிநொடிக்கும் அலையின் கட்டம் தலைகீழாவதே அந்தத் துள்ளல். மனிதர் பேச்சில் எதிரொலியை நீக்கத் தொலைபேசி வலையமைப்பில் வைத்திருந்த கருவிகளுக்கு, 'இது பேச்சில்லை, ஒதுங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் கட்டளை அது. பிறகு இரு மோடங்களும் தமக்கு எந்தெந்த முறைகள் தெரியும் என்று மெதுவான குறிகளில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். அடுத்து, 1994இல் வந்த வி.34 வகையாக இருந்தால், 150 முதல் 3,750 ஹெர்ட்ஸ் வரை பல சுருதிகளை ஒரே நேரத்தில் ஒலித்து, கம்பி எந்த அதிர்வெண்ணை எவ்வளவு தின்றுவிடுகிறது என்று அளக்கும். அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டபின் வருவதுதான் எல்லோரும் வாயால் நடித்துக்காட்டும் அந்தப் பெரிய 'ஷ்ஷ்ஷ்'.

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். 1962இன் பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. அழைப்பவருக்கு 1,070, 1,270 ஹெர்ட்ஸ். விடையளிப்பவருக்கு 2,025, 2,225 ஹெர்ட்ஸ். நான்கே சுருதிகள். எழுத்து போகும்போது ஒலி தடுமாறுவதை எவரும் கேட்டுச் சொல்லலாம். வி.34இலோ தொலைபேசிக் கம்பி தரும் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான இடம் முழுவதையும் ஓரங்குலம் விடாமல் நிரப்ப வேண்டும். அதற்காகப் பிட்டுகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு அனுப்புவார்கள். அப்படிக் கலைத்ததன் விளைவாக அது வெற்று இரைச்சலைப்போல ஒலிக்கிறது. எவ்வளவு திறமையாகத் தரவை அடைக்கிறோமோ அவ்வளவுக்குக் காதுக்குப் பொருளற்றதாகிவிடும். கணினியைக் காதால் படித்த காலம் அகலப்பட்டை (பிராட்பேண்ட்) வந்து ஒலியை அடக்கியபோது முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த 'ஷ்ஷ்ஷ்' தொடங்கியபோதே அது முடிந்துவிட்டது என்பது என் கருத்து.

10. ஐயம் எழுதியது:

இதற்கு முன் எழுதியதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரைச்சல் அவர்கள் சொன்ன நான்கு சுருதிக் கணக்கும், திருப்புளி அவர்கள் சொன்ன திருகும் எனக்குப் புதியவை. ஆனாலும் ஒரு கேள்வி. இணைப்பு முழுவதும் அந்த இரைச்சல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததாக எனக்கு நினைவு. அதை எப்படித்தான் தாங்கினோம்?

11. இரைச்சல் எழுதியது:

ஓடவில்லை. 1981இல் வந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடம் வகுத்த கட்டளை முறையில், ஒலிபெருக்கி மறுமுனையின் அலை கிடைக்கும்வரைதான் ஒலிக்கும். கிடைத்ததும் தானே அடங்கிவிடும். தவறான எண்ணுக்குப் போய் யாராவது மனிதர் எடுத்துவிட்டாலோ, எண் வேறு இணைப்பில் இருந்தாலோ நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைத்தார்கள். ஏடிஎம்0 என்ற கட்டளையைச் சேர்த்தால் தொடக்கத்திலிருந்தே வாய் திறக்காது. வீட்டார் உறங்கிய பிறகு இணையத்தில் நுழைந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டளை தெரிந்திருக்கும். நான் ஒருமுறைதான் அதைப் பயன்படுத்தினேன். எந்த நிலையில் நிற்கிறது என்றே தெரியாமல் இருட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுக்கவில்லை. அதன்பின் மோடத்தின்மேல் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டேன். மெலிதாகவாவது கேட்க வேண்டும்.

இணைந்த பிறகும் இரைச்சலைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், அதே தொடர்பின் வேறொரு தொலைபேசியை எடுத்திருப்பீர்கள். எடுத்த மறுநொடி இணைப்பு அறுந்திருக்கும். உள்ளே இருந்து யாரோ உங்களைத் திட்டியிருப்பார்கள்.

12. ஐயம் எழுதியது:

ஆம். திட்டியவர் என் அக்கா.

13. காந்தநாடா எழுதியது:

இரைச்சல் அவர்கள் சொன்ன கருத்தைச் சில நாள்களாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். காதுக்குப் பொருள் போன பிறகும் கண்ணுக்குச் சிறிது காலம் எஞ்சியிருந்தது என்று தோன்றுகிறது. நொடிக்கு 28,800 பிட் என்றால் 100 கிலோபைட் படத்துக்கு ஏறத்தாழ அரை நிமிடம். ஜிஐஎஃப் படங்களை இடைவரி முறையில் சேமித்திருந்தால் முதலில் எட்டு வரிக்கு ஒரு வரி வந்து, நான்கு சுற்றுகளில் இடைவெளிகள் நிரம்பும். எட்டுபிட் அவர்கள் சொன்ன ஸ்பெக்ட்ரத் திரையும் எட்டுக்கு ஒன்றாகத்தான் நிரம்பியது. காரணங்கள் வேறு, ஆனால் முன்னதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பின்னது புதிதாக இருக்கவில்லை.

இந்த உரையாடலின் தூண்டுதலில், பரணில் கிடந்த ஒரு நாடாவை இறக்கியிருக்கிறேன். ஸ்பெக்ட்ரத்தில் நான் எழுதிய நிரல்கள் அதில் இருக்க வேண்டும். எப்படிக் கணினிக்கு மாற்றுவது என்று திருப்புளி அவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

14. திருப்புளி எழுதியது:

அவசரப்பட்டு உடனே ஓடவிடாதீர்கள். முதலில் பேழைக்குள் தலைக்கு எதிரே இருக்கும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்துவிடவில்லையா என்று பாருங்கள்; பழைய நாடாக்களில் அதன் பசை காய்ந்துபோயிருக்கும். பிறகு ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றுங்கள். ஒலிப்பதிவுக் கருவியின் தலையைத் துடையுங்கள். டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். கணினியில் பதியும் மென்பொருளிலும் இரைச்சல் நீக்கும் வசதி எதையும் தொடாதீர்கள், அது இரைச்சல் என்று நினைத்து உங்கள் நிரலையே நீக்கிவிடும். சுருக்காத வடிவத்தில், ஒற்றைத் தடத்தில், 44,100 மாதிரி வீதத்தில் பதிந்தால் போதும். ஒலியலையை நாடாக் கோப்பாக மாற்றித்தரும் கருவிகள் உள்ளன. பழைய கணினியைப்போல இயங்கிக்காட்டும் போன்மப் பொறிகள் (எமுலேட்டர்) அந்தக் கோப்பைப் படிக்கும்.

திருகை மட்டும் காதால் பார்த்துத் திருப்புங்கள். அதற்கு இன்றும் வேறு வழி எனக்குத் தெரியாது.

15. காந்தநாடா எழுதியது:

செய்து பார்த்தேன். கம்பளித் துண்டு இருந்தது. முன்னொலி தெளிவாகவே வந்தது. அது வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன், உட்கார முடியவில்லை. தலைப்பகுதி முழுதாகப் பிழையின்றிக் கிடைத்துவிட்டது. நிரலின் பெயர் 'கப்பல்3', ஆங்கில எழுத்துகளில். அளவு 4,112 பைட்.

கப்பல் ஒன்றும் இரண்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மூன்றாவது ஒன்றை எழுதியதாக நினைவே இல்லை. தலைப்பகுதிக்குப் பிறகு வரும் இருபது நொடிச் சொச்சம் தரவில்தான் அது இருக்கிறது. ஆனால் அங்கே ஒலி மங்குகிறது, மூன்று முறை ஓட்டியும் சரிபார்ப்பு பைட் ஒத்துவரவில்லை. மங்கலாகக் கேட்கும்போதே இது ஏறாது என்று தெரிந்துவிட்டது. இந்த முறை எப்படித் தெரிந்தது என்றும் சொல்ல முடிகிறது.

நாளை பகல் வெளிச்சத்தில் திருகைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன்.